மூடி லூசு

"முப்பத்தாறுல ரெண்டுதாண்ணா வந்துருக்கு," என்றாள் துர்கா.

வேலூர் கலர் லேப்பில் கவுண்டர் பார்க்கிற பெண் அவள். கடையில் கொத்தமல்லி தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோல அதைச் சொல்லிவிட்டு, அடுத்த கவரை எடுத்தாள்.

போட்டோக்காரர் தனக்கோடிக்குக் காது அடைத்தது. "எந்த ரோலும்மா?"

"ரெண்டாவது. ரிசப்ஷன் ரோலு பளிச்சுனு இருக்கு. சாப்பாட்டு ரோலும் பளிச்சுனு இருக்கு. இது மட்டும் ஒரே கரி. வெளிச்சம் பூந்துடுச்சு. கடைசி ரெண்டு மட்டும் தப்பிச்சிருக்கு."

"அந்த ரெண்டுல யாரு இருக்கா?"

"ரெண்டுலயும் ஒரே ஆளுதான். வழுக்கைத் தலை. கை கழுவிகினு இருக்காரு."

ரெண்டாவது ரோல்தான் முகூர்த்தம். ஆரணி பட்டு வியாபாரி பரசுராமனின் ஒரே மகள் லாவண்யா மணையில் உட்கார்ந்தது, செய்யார் மாப்பிள்ளை தாலி கட்டியது, மேளக்காரர் கண்ணை மூடி ஊதியது, எல்லாம் போய்விட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா கை கழுவியது மட்டும் சரித்திரத்தில் நின்றுவிட்டது.

தனக்கோடி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்த ஆளாக இருந்தால் இது வெறும் கைப்பிழையாகப் போயிருக்கும். அவர் சும்மா இருந்ததில்லை. அந்த 2003-ஆம் வருஷம் ஆரணியில் ஸ்டுடியோக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். பிலிம் கட்சிக்குத் தலைவர் தனக்கோடி. டிஜிட்டல் கட்சிக்குத் தலைவர், தொண்டர், கொள்கை பரப்புச் செயலாளர் எல்லாமே சந்திரமோகன் ஒருவன்தான். அவன் தனக்கோடியின் மனைவி ஹேமலதாவுக்குச் சொந்தத் தம்பி. அதனால் இரண்டு கட்சி மாநாடும் பெரும்பாலும் தனக்கோடி வீட்டில், சாப்பாட்டு நேரத்தில்தான் நடக்கும்.

"டிஜிட்டல்னா இன்னா மச்சான்? கால்குலேட்டர்ல படம் புடிக்கறது," என்பார் தனக்கோடி.

"பிலிம்னா இன்னா மாமா? கழுவற வரைக்கும் புள்ள ஆணா பொண்ணான்னு தெரியாது," என்பான் சந்திரமோகன்.

ஹேமலதா இரண்டு கட்சிக்கும் சாம்பார் ஊற்றுவாள்.

லாவண்யா கல்யாணத்துக்கு இருவருமே போட்டி போட்டார்கள். பரசுராமன் இரண்டு பேரையும் கடைக்குக் கூப்பிட்டு, மெத்தையில் உட்காரவைத்து, நூல்காரர்களிடம் பேசுவதுபோல நிதானமாக விசாரித்தார். சந்திரமோகன் முந்திக்கொண்டான்.

"சார், டிஜிட்டல்ல எடுத்து கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணா, சீலையில இழையை ஒண்ணொண்ணா எண்ணலாம். நாலு சிடி போட்டு நாலு வீட்டுல வச்சிடலாம். ஜென்மத்துக்கும் அழியாது."

பரசுராமன் முகம் சுருங்கியது. தனக்கோடி சமயம் பார்த்து அடித்தார்.

"அண்ணா, டிஜிட்டல் பவர்லூமு. பிலிம்தான் கைத்தறி. பாப்பாவோட முகூர்த்தச் சீலை உங்க சொந்தத் தறியில நாப்பது நாள் நெய்ஞ்சதுன்னு ஊரே பேசிகினு இருக்கு. அதைப் போயி பவர்லூம் கேமராவுல புடிப்பீங்களா?"

ஊர் பேசியது உண்மைதான். முகூர்த்தச் சீலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதுதான் வழக்கம். பட்டு வியாபாரி மகளுக்கு வெளியிலிருந்து சீலை வருவதா என்று பரசுராமன் சம்பந்தியிடம் பேசி, அந்த உரிமையைத் தானே வாங்கிக்கொண்டிருந்தார்.

பரசுராமன் கொஞ்சம் யோசித்தார். சரக்கைத் திருப்பிப் பார்க்கிற வியாபாரி மாதிரி ஒரு கேள்வி கேட்டார். "பிலிமுக்கு ஆகாதது எதுப்பா?"

"வெளிச்சம் ஒண்ணுதாண்ணா. கேமராவோட பின்மூடியைத் தெறந்தா ஒரே செகண்டு, எல்லாம் பூடும். ஆனா என் கையில அது நடக்காது. இருபத்திரண்டு வருஷ சர்வீசு."

"அப்ப பிலிமே இருக்கட்டும்," என்றார் பரசுராமன். வீடியோவும் வேண்டாம் என்றுவிட்டார். அந்த லைட்டுச் சூட்டில் ஜரிகை கருத்துப்போகுமாம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் தனக்கோடி, "கைத்தறின்னு ஒரு வார்த்தை போட்டேன் பாரு, மனுஷன் அப்படியே வுழுந்துட்டாரு," என்று மூன்று தடவை சொன்னார். சந்திரமோகன் மோர் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டான்.

இத்தனையும் ஆரணி பஸ்ஸில் அவருக்கு ஞாபகம் வந்தது. கண்ணமங்கலத்தில் பக்கத்து சீட்டில் ஏறிய ஆள், "இன்னா சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு, ஜன்னலோர இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தான்.

உடம்பு சரியாகத்தான் இருந்தது. கேமராவின் பின்மூடிதான் சரியில்லை. "அது லொடலொடங்குது, ரிப்பேர் பண்ணுங்க," என்று ஹேமலதா மூன்று மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தனக்கோடி ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி அதை ரிப்பேர் என்று அழைத்தார்.

எப்போது திறந்திருக்கும்? தாலி கட்டி முடிந்ததும் பரசுராமனே வந்து கையைப் பிடித்தார். "போட்டோக்காரர் முதல் பந்தியில உக்காரணும், வாப்பா." இருபத்திரண்டு வருஷத்தில் மூன்றாவது பந்திக்கு முன்னால் யாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. தனக்கோடிக்குக் கண் கலங்கியது. கேமராவை, பரசுராமன் கடையில் சீலை மடிக்கிற சம்பந்தத்திடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டுத் திரும்பி வந்தபோது, சம்பந்தம் ஒரு கையால் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார். கேசரி அவ்வளவு ருசி என்று தனக்கோடி நினைத்துக்கொண்டார். அதற்குள் லாவண்யா சீலை மாற்றப் போய்விட்டாள். மிச்சம் இருந்த இரண்டு படத்தைப் பெரியப்பாவின் கை கழுவலுக்குச் செலவழித்தார்.

கொடுக்கும்போதோ வாங்கும்போதோ அந்தப் பாழாய்ப்போன மூடி வாயைத் திறந்திருக்கிறது. குற்றம் ஹேமலதா சொன்ன இடத்திலேயே இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் பரசுராமன் வீட்டில் ஒரு பொய் சொன்னார். "லேப்ல மிஷின் ரிப்பேருண்ணா. முகூர்த்தம் மட்டும் கொஞ்சம் லேட்டாவும்."

"அதுக்கு இன்னாப்பா? அவசரமே இல்ல," என்றார் பரசுராமன். "அப்படியே வரலைன்னாலும் போவட்டும். காயிதத்துலயா இருக்கு கல்யாணம்? மனசுல இருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தப் பெருந்தன்மை தனக்கோடியைத் தரையோடு தேய்த்தது. பரசுராமனின் மனைவி ரேணுகாம்பாள் உள்ளேயிருந்து வந்தாள்.

"மனசுல இருக்கறதை சம்பந்தி வூட்டுக்கு எப்படிக் காட்டறது? நாளைக்கு என் தங்கச்சியைப் பார்க்க வேலூர் போறேன். லேப்பு எந்தத் தெருவுன்னு சொல்லு தனக்கோடி. நானே நின்னு வாங்கினு வரேன்."

"ஐயோ, அது அங்க இல்லீங்க," என்றார் தனக்கோடி, வாய்க்கு வந்ததை. "முகூர்த்த ரோலை மட்டும் மெட்ராஸுக்கு அனுப்பிட்டேன். ஸ்பெஷல் பிரிண்டு. இழை இழையாத் தெரியும்."

பரசுராமனுக்குக் காபி புரையேறியது. ரேணுகாம்பாள் அவர் தலையில் தட்டிக்கொண்டே, "பாத்தீங்களா, சந்தோஷத்தை," என்றாள்.

சாயங்காலத்துக்குள் அவள் செய்யாருக்குப் போன் போட்டுவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டாள். மெட்ராஸ் ஸ்பெஷல் பிரிண்டைப் பார்க்க வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேர் வேன் எடுத்து வருவதாக முடிவானது.

புதன்கிழமை மத்தியானம், தெருவில் நடமாட்டம் இல்லாத வேளை பார்த்து, தனக்கோடி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மச்சானின் டிஜிட்டல் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்.

சந்திரமோகன் முழுக் கதையும் கேட்டான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முகூர்த்தத்தை கம்ப்யூட்டர்ல பண்ணிக் குடுக்கறேன் மாமா. அக்கா கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா நீங்க ஒரே ஒரு வாக்கியம் சொல்லணும்."

"இன்னா வாக்கியம்?"

"பிலிம் செத்துப்போச்சு."

தனக்கோடி சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "பிலிம் செத்துப்போச்சு," என்றார் வாய்க்குள்.

"காதுல வுழல மாமா."

"பிலிம் செத்துப்போச்சுடா!" என்று கத்தினார் தனக்கோடி.

"ஐயையோ, யாரு செத்தது?" என்று கேட்டபடி வாசலில் நின்றாள் அடுத்த வீட்டுப் பொன்னியம்மாள். ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்க வந்தவள்.

தனக்கோடிக்கு வியர்த்தது. "பிலிப்பு," என்றார். "பிலிப்புன்னு... வேலூர்ல நமக்குத் தெரிஞ்சவரு."

அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் சேதி போய்விட்டது. ஹேமலதா வாசலிலேயே ஒரு பக்கெட் தண்ணீரோடு நின்றாள்.

"தலைக்கு ஊத்திகினு உள்ள வாங்க. எவ்ளோ நாள் பழக்கம் உங்களுக்கு? என் கிட்ட பிலிப்பு பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

தனக்கோடி நடுத்தெருவில் பச்சைத் தண்ணீரில் குளித்தார். போவோர் வருவோர் எல்லாம் துக்கம் விசாரித்தார்கள். பிலிப்புக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்றுவேறு யாரோ சேர்த்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை சந்திரமோகன் வேலையை முடித்தான்.

"போன மாசம் கலசப்பாக்கத்துல எடுத்த கல்யாணம் மாமா. உடம்பு அவங்களுது. தலை நம்மளுது, ரிசப்ஷன் நெகட்டிவ்ல இருந்து எடுத்துட்டேன்."

"பொண்ணு கொஞ்சம் குண்டா இருக்குதே?"

"சுருக்கியாச்சு."

"சீலை அரக்கு. லாவண்யா கட்டினது மாம்பழக் கலரு."

சந்திரமோகன் ஒரு பொத்தானைத் தட்டினான். சாயப்பட்டறையில் இரண்டு நாள் பிடிக்கிற வேலை கண்ணெதிரே முடிந்தது. தனக்கோடிக்கு அந்த மிஷின்மேல் மரியாதை வந்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது.

"பார்டரு? அதுல ருத்ராட்சம் மச்சான். இதுல அன்னப்பட்சி இருக்குதே."

"அத மாத்த டைம் இல்ல. பார்டரை யாரு மாமா பார்க்கப் போறா?"

ஆரணியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா அது? இந்த ஊரில் எதிரே ஒரு பெண் வந்தால் முதலில் பார்டர், அப்புறம் முந்தி, அதற்கப்புறம் நேரம் இருந்தால்தான் முகம்.

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. பரசுராமன் வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பமும் வட்டமாக உட்கார்ந்திருந்தன. தனக்கோடி கவரை நீட்டியபோது பரசுராமன் முகம் வெளுத்திருந்தது.

"நெஜமாவே வந்துடுச்சாப்பா?"

"வந்துடுச்சுண்ணா," என்றார் தனக்கோடி. அவர் முகமும் அதே வெளுப்பு.

பரசுராமன் படத்தை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து இழை எண்ணுகிற பூதக்கண்ணாடியை எடுத்து, சீலைமேல் வைத்துக் குனிந்தார். அவர் பின்னால், கட்டைவிரலில் துணி சுற்றியிருந்த சம்பந்தமும் எட்டிப் பார்த்தார். முதலாளி நிமிர்ந்து சம்பந்தத்தைப் பார்த்தார். சம்பந்தம் முதலாளியைப் பார்த்தார்.

தனக்கோடி மனசுக்குள் ஸ்டுடியோவைப் பூட்டி, சாவியை ஏரியில் போட்டார்.

"ரொம்ப நல்லா வந்துருக்கு," என்றார் பரசுராமன்.

ரேணுகாம்பாள் படத்தைப் பிடுங்கினாள். "இன்னாங்க இது, பார்டருல ருத்ராட்சம்தானே இருந்துச்சு? இதுல அன்னப்பட்சி நிக்குது?"

"கொசுவத்துல மடிஞ்சா அப்படித்தான் தெரியும்."

"ருத்ராட்சம் மடிஞ்சா றெக்கை மொளைக்குமா?"

"இந்த வூட்ல பட்டு வியாபாரம் பண்றது நீயா, நானா?"

ரேணுகாம்பாள் விடவில்லை. "மாப்ள கையில வாட்ச்சு இருக்குதே. தாலி கட்டறப்போ வாட்ச்சே இல்லையே."

"நான்தான் கட்டி வுட்டேன். முகூர்த்த நேரம் தவறக்கூடாதில்ல."

"எனக்கே ஞாபகம் இல்லையே மாமா," என்றார் மாப்பிள்ளை.

"தாலி கட்டற நேரத்துல எவனுக்கு மாப்ள ஞாபகம் இருந்துருக்கு?" என்றார் பரசுராமன். வேனில் வந்த ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

தனக்கோடிக்கு ஒன்று புரிந்தது. மனிதருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு சாதாரண போட்டோக்காரனின் மானத்தைக் காப்பாற்ற, சொந்தச் சம்பந்தி முன்னால், சொந்தப் பெண்டாட்டியிடம், பொய்மேல் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பூமி பிளந்தால் போய்விடலாம் என்றிருந்தது.

"இதைக் கடையில மாட்டணும்பா," என்றார் பரசுராமன், இப்போது குரலில் தெம்பு ஏறி. "மூணடிக்கு ரெண்டடி. பரசுராமன் வூட்டுப் பொண்ணு கட்டினது கைத்தறியான்னு எவனுக்காவது சந்தேகம் இருந்தா வந்து பார்க்கட்டும்."

மாட்டினார்கள். கண்ணாடி போட்டு, மாலை போட்டு, மேலே ஒரு டியூப் லைட்டும் போட்டார்கள். ஆரணி சைதாப்பேட்டை நெசவாளர்கள் வந்து பார்த்தார்கள். கொசப்பாளையத்து வியாபாரிகள் வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாம் தனக்கோடியின் தோளைத் தட்டி, "இதான்யா பிலிமு. டிஜிட்டல்ல வருமா இது?" என்றார்கள். ஒவ்வொரு தட்டும் ஒரு அறை மாதிரி விழுந்தது. அவர் பரசுராமன் கடை இருக்கும் தெருவையே விட்டுவிட்டு, மூன்று தெரு சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அந்தச் சுற்றுவழியில் அவரைக் கண்ட ஒருவர், பிலிப்பு வீட்டுக் காரியம் எப்போது என்று கேட்டார்.

படம் மாட்டிய பத்தாம் நாள் சந்திரமோகன் வந்தான். கண் சிவந்திருந்தது.

"மாமா, என் கிட்ட இருந்த ரெண்டு கல்யாணம் கேன்சலு. பரசுராமன் சார் கடையில படத்தைப் பார்த்தாங்களாம். பிலிம்தான் வேணுமாம், உங்க கிட்ட வராங்களாம். நான் பண்ண படம் மாமா அது! என் படமே என் பொழப்புல மண்ணு போடுது."

"மெதுவாப் பேசு, அக்கா இருக்குது."

"நாளைக்குள்ள அவர் கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. இல்லைனா அக்கா கிட்ட பிலிப்பு யாருன்னு நான் சொல்லிடுவேன்."

மறுநாள் காலையில் தனக்கோடி கேமராவையும் எடுத்துக்கொண்டு பரசுராமன் கடைக்குப் போனார். பரசுராமன் கண்ணமங்கலம் போயிருந்தார். சம்பந்தம் மட்டும் தனியாக உட்கார்ந்து சீலை மடித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, மூன்றடிக்கு இரண்டடியில், செய்யார் மாப்பிள்ளையின் தலையும் கலசப்பாக்கத்துக் கையும் தாலி கட்டிக்கொண்டிருந்தன.

தனக்கோடி இனிப் பொறுக்கமாட்டார் என்ற நிலைக்கு வந்திருந்தார். முதலாளியிடம் சொல்வதற்கு ஒத்திகையாக இருக்கட்டும் என்று, சம்பந்தத்தின் எதிரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கொட்டினார். கரியான ரோல், மெட்ராஸ் பொய், ஒட்டுப்போட்ட தலை, பிலிப்பு, எதையும் விடவில்லை.

"உங்க முதலாளி தெய்வம் சம்பந்தம். எல்லாம் தெரிஞ்சும் என் மானத்தைக் காப்பாத்துனாரு. அவரு மூஞ்சில முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல. எல்லாம் இந்த மூடியால வந்தது." கேமராவைத் திருப்பிக் காட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது. "இருபத்திரண்டு வருஷம் பிலிம் பிலிம்னு ஊரெல்லாம் பேசுனேன். கடைசியில ஒரு லூசு மூடியை சரி பண்ணத் துப்பு இல்லாம பூட்டேன்."

சம்பந்தம் கையிலிருந்த சீலையை மடித்து முடித்தார். வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியை மெதுவாக அவிழ்த்து, விரலை தனக்கோடியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மூடி லூசுன்னு எவன்ணா சொன்னது? நாப்பது நாள் சீலை அழகா இருக்குதுன்னு ஒரு மெட்ராஸ் அம்மா கேட்டவுடனே முதலாளி அதை வித்துட்டு பாப்பாவுக்குப் பவர்லூம் சீலையைக் கட்டி வுட்டாரு, போட்டோவுல தெரிஞ்சா மானம் பூடும் நீ மூடியைத் தெறந்து வெளிச்சத்துல காட்டிடுன்னு என் கிட்ட சொன்னாரு, அதுக்குத்தான் பிலிம்காரரையே வச்சாரு. அத்தத் தெறக்கறதுக்குள்ள, தோ பாருங்க, எனக்கு நகமே பேந்துபோச்சு!"